மணலுக்குள் நன்னீர்

விடுமுறை நெருங்கிவிட்டால் நம் இல்லங்களில் எழும் முதற் கேள்வி, “எங்கே போகலாம்?” என்பது. அதை ஒட்டியே வரும் இரண்டாவது கேள்வி, “அங்கே என்ன சாப்பிடலாம்?” என்பது. காண்பதும் உண்பதும் இல்லாத சுற்றுலாவை எவரும் சுற்றுலாவாக ஒப்புக்கொள்வதில்லை. கண்ட இடங்களைப் படங்களாகவும் உண்ட பண்டங்களைப் பேச்சாகவும் வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். சில நாட்களில் இரண்டுமே பழையனவாகிவிடுகின்றன. இதில் குறை காண ஒன்றுமில்லை. உழைத்துக் களைத்த குடும்பத்துக்கு ஒரு நாள் காற்றும், ஒரு வேளை நல்ல உணவும் இறைவன் தரும் கொடைகளே. ஆயினும், பிறர் பார்த்துவிட்டுப் போகும் ஓர் இடம், நம்முடன் வந்திருக்கும் ஒருவருக்கு மட்டும் இழப்பின் இடமாக இருந்தால் அந்த நாளை எப்படிக் கழிப்பது? காண்பதும் உண்பதும் அப்போது என்ன பொருள் பெறும்? இந்தக் கேள்விகளை எனக்குள் எழுப்பியது இராமேசுவரம் தீவு.

இத்தீவைப் பற்றி நம் வாசகர்களுக்கு விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. இந்துப் பெருமக்களுக்கு இது காசியோடு சேர்த்துப் பேசப்படும் திருத்தலம். நமக்கும் இது அன்னிய மண் அன்று. பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் கடலை நம்பி வாழும் கத்தோலிக்கக் குடும்பங்கள் பல. கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் படகுகள் புறப்படுவது இராமேசுவரம் கடற்கரையிலிருந்துதான். வேர்க்கோடு பங்குத்தந்தை அதற்கான ஏற்பாடுகளை முன்னின்று செய்வது வழக்கம். இவை எல்லாம் பலரும் அறிந்தவை. என் குடும்பத்துக்கு இன்னும் ஒரு தொடர்பு உண்டு. என் தாயார் பிறந்தது இத்தீவின் கிழக்கு முனையிலுள்ள தனுஷ்கோடியில்.

1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயலில் அவ்வூர் அழிந்தது. அப்போது அம்மாவுக்கு வயது பதினொன்று. அவருடைய தந்தை, அதாவது என் தாத்தா, கப்பல் துறையில் சுமை தூக்கும் தொழிலாளி. கிறிஸ்து பிறப்பு விழாவுக்காக மனைவியையும் இரு பிள்ளைகளையும் தங்கச்சிமடத்து உறவினர் வீட்டுக்கு முன்னதாகவே அனுப்பி வைத்திருந்தார். தாம் 24ஆம் தேதி வந்து சேர்வதாகச் சொல்லியிருந்தார். அவர் வரவில்லை. அவருடைய உடலும் கிடைக்கவில்லை. பாட்டி பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மதுரைக்கு வந்து, நாலு வீடுகளில் பாத்திரம் தேய்த்து அவர்களை வளர்த்தார். அதன் பிறகு உறவினர் திருமணங்களுக்காக அம்மா தங்கச்சிமடம் வரை போனதுண்டு. இராமேசுவரத்தைத் தாண்டிக் கிழக்கே அவர் ஒருமுறையும் சென்றதில்லை. நாங்களும் வற்புறுத்தியதில்லை.

2025 செப்டம்பரில், காலாண்டுத் தேர்வு விடுமுறையின்போது, ஐந்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள்தான் அதை மாற்றினாள். “அப்பத்தா, நீ பொறந்த ஊரை எனக்குக் காட்டு” என்றாள். அம்மா சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “ரயில்ல போனா வாரேன்” என்றார்.

மதுரையிலிருந்து காலையில் புறப்படும் பாசஞ்சர் ரயிலில் அம்மா, நான், என் மனைவி, ஒன்பதாம் வகுப்பு மகன், மகள் என ஐவரும் ஏறினோம். மகளின் சடையில் மதுரை மல்லிகைச் சரம். அம்மாவின் மடியில் வாழையிலையில் கட்டிய இட்லிப் பொட்டலம். மண்டபம் நிலையம் கடந்ததும் பெட்டியில் இருந்தவர்கள் அனைவரும் சன்னல்களுக்கு நகர்ந்தார்கள். 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தின் மேல் வண்டி மெதுவாக ஏறியது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த நீளம். கப்பல் வரும்போது நடுவிலுள்ள 72.5 மீட்டர் பகுதி அப்படியே நேராக மேலே உயர்ந்து வழிவிடும். அருகிலேயே, 1914 பிப்ரவரியில் திறக்கப்பட்டு, 2022 டிசம்பர் வரை ரயில்களைத் தாங்கிய பழைய பாலம் நின்றிருந்தது. கைகூப்புவதுபோல் இரு பாதிகளாகத் தூக்கப்படும் அதன் தூக்குப்பகுதியை மகன் தங்கைக்குக் காட்டினான். 1964 புயலில் அந்தப் பாலத்தின் பெரும்பகுதி அடித்துச் செல்லப்பட்டதையும், பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் அது சீராக்கப்பட்டதையும் நான் சொன்னேன்.

அம்மா சன்னல் பக்கம் திரும்பவில்லை. பாலத்தின் மேல் வண்டி போய்க்கொண்டிருக்கும்போதே பொட்டலத்தை அவிழ்த்து, இட்லிக்கு மிளகாய்ப் பொடி தடவி, ஒவ்வொருவர் கையிலும் வைத்தார். “சூடு ஆறிடும், சாப்பிடுங்க” என்றார். காலையில் ஐந்து மணிக்கு அவித்த இட்லி எப்போதோ ஆறிவிட்டிருந்தது. கடலைப் பார்க்க முடியாத ஒருவர், கடலைக் கடக்கும் நேரத்தை அப்படித்தான் கடந்தார் என்று எண்ணுகிறேன்.

இராமேசுவரத்தில் இறங்கி ஒரு வேனை அமர்த்திக்கொண்டோம். வந்த திசையிலேயே சற்றுத் திரும்பி, பேக்கரும்பில் உள்ள அப்துல் கலாம் நினைவிடத்துக்குச் சென்றோம். 2017இல் திறக்கப்பட்ட இடம் அது. ஏவுகணை மாதிரியின் அருகே பிள்ளைகள் நெடுநேரம் நின்றார்கள். எனக்கோ கலாம் பலமுறை நினைவுகூர்ந்த வேறொரு காட்சிதான் மனத்தில் ஓடியது. அவருடைய தந்தையும், இராமநாதசுவாமி கோயிலின் அர்ச்சகரான இலட்சுமண சாஸ்திரியும், தீவில் தேவாலயம் கட்டிய அருட்தந்தை போதலும் வாரந்தோறும் கூடி உட்கார்ந்து ஊர்ச் சிக்கல்களைப் பேசித் தீர்ப்பார்களாம். அந்தத் தந்தையே திருப்பயணிகளைத் தனுஷ்கோடிக்கு ஏற்றிச் செல்ல மரப்படகு கட்டியவர். ஒரு புயலில் அப்படகையும் கடல் கொண்டது. இத்தீவில் கடலிடம் ஒன்றையும் இழக்காத வீடு இல்லை போலும்.

தங்கச்சிமடத்தில் சாலையோரமாக மல்லிகை நாற்றங்கால்கள் தெரிந்தன. இங்கிருந்து போகும் நாற்றுகள்தாம் மதுரைச் சீமையிலும் அதற்கு அப்பாலும் பூக்கின்றன என்றார் ஓட்டுநர். மகள் தன் சடையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். வில்லூண்டித் தீர்த்தத்தில் கடலுக்குள் நீளும் சிறு பாலத்தின் முடிவில் ஒரு கிணறு இருக்கிறது. சுற்றிலும் உப்புநீர் சூழ்ந்திருக்க, கிணற்றுநீர் மட்டும் குடிக்கத் தகுந்ததாக இருக்கிறது. ஆளுக்கு ஒரு வாய் குடித்தோம். “இது எப்படி?” என்று மகன் கேட்டான். அம்மா முதன்முறையாகச் சிரித்தார். “எங்க ஊர்ல வந்து பாரு” என்றார்.

அவருடைய ஊர்! 1914 முதல் 1964 வரை அது உலகின் வழிகளில் ஒன்றாக இருந்தது. சென்னை எழும்பூரிலிருந்து வரும் போட் மெயில், பாம்பனில் பிரிந்து நேரே தனுஷ்கோடிக்குப் போகும். அங்கே பயணிகள் நீராவிக் கப்பலில் ஏறித் தலைமன்னாரில் இறங்கி, மீண்டும் ரயிலில் கொழும்புக்குப் போவார்கள். ரயில் நிலையம், அஞ்சலகம், சுங்க அலுவலகம், பள்ளிக்கூடம், தேவாலயம் எல்லாம் அந்த மணல்மேட்டில் இருந்தன. டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து புறப்பட்ட பாசஞ்சர் வண்டி தனுஷ்கோடியை எட்டுமுன்பே அலைகளால் அடித்துச் செல்லப்பட்டது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் அரசு அவ்வூரை மக்கள் வாழத் தகுதியற்ற இடமாக அறிவித்தது. தண்டவாளம் மறுபடி போடப்படவில்லை. ஆயினும் மீனவர்கள் சிலர் திரும்பி வந்து ஓலைக் குடிசை போட்டார்கள். பல்லாண்டுக் காலம் மணலில் வேனும் ஜீப்பும் தடுமாறிச் சென்ற வழியில் 2017 முதல் தார்ச்சாலை அரிச்சல்முனை வரை ஓடுகிறது. இன்று நாள்தோறும் வண்டிகள் வரிசையாக வருகின்றன.

நாங்கள் சென்றபோதும் நல்ல கூட்டம். பாழடைந்த தேவாலயத்தைச் சுற்றிச் சங்கு, சிப்பி, முத்துமாலை விற்கும் கடைகள். பவளப்பாறைக் கற்களால் எழுப்பிய அதன் சுவர்கள் கூரையின்றி நிற்கின்றன. பீடம் இருந்த திசையில் வானம் தெரிகிறது. அலைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி பலர் உள்ளே நடமாடினார்கள். என் மகனும் உடைந்த வளைவின் கீழ் நின்று, கையை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு, “அப்பா, ஒரு படம் எடுங்க” என்றான். என் மனைவி கண்ணால் அவனை அடக்கினார். அம்மா அதைக் கவனித்துவிட்டார்.

“விடும்மா. நான் புதுநன்மை வாங்குனது இந்த எடத்துலதான். அன்னைக்கு நானும் சிரிச்சுக்கிட்டுத்தான் நின்னேன்” என்றார். சற்று நின்று, “என்னையும் சேத்து எடு” என்று சொல்லிப் பேரனின் அருகில் போய் நின்றுகொண்டார்.

அந்தப் படத்தைப் பின்னர் பலமுறை பார்த்தேன். மற்றவர்களுக்கு அது பாழடைந்த கட்டடம். எனக்கும் அதுவரை அப்படியே. அங்கே வெள்ளையுடையும் மெழுகுதிரியுமாக ஒரு சிறுமி நின்றிருக்கிறாள் என்பதும், அவளை அழைத்துவந்த தந்தை பின்வரிசையில் நின்றிருப்பார் என்பதும் அம்மா சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில்தான் எனக்கு விளங்கின. துயரம் நிகழ்ந்த இடத்தை நாம் துயரத்தின் இடமாகவே வைத்துவிடுகிறோம். அங்கே வாழ்ந்தவர்களுக்கோ அது மகிழ்ச்சியின் இடமாகவும் இருந்தது. புயல் ஓர் இரவு வீசியது. ஊர் அதற்கு முன்பு பல ஆண்டுகள் வாழ்ந்திருந்தது.

பசி நேரம். சாலையோர ஓலைக் கொட்டகை ஒன்றில் நுழைந்தோம். தாம்பாளத்தில் மசாலா தடவிய மீன்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. விளமீன், பாறை, கணவாய், கால் கட்டிய நண்டு. வேண்டியதைக் காட்டினால் உடனே பொரித்துத் தருகிறார்கள். சோறும் புளிப்பும் காரமுமான மீன்குழம்பும் இரசமும் உண்டு. நாற்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருவர் அடுப்பின் முன் நின்றார். அவருடைய கணவர் கடலுக்குப் போய் வந்து பின்புறம் வேறு மூவரோடு உட்கார்ந்து வலை சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா அடுப்புப் பக்கம் போய், “தண்ணி எங்கம்மா எடுக்கிறீங்க?” என்று கேட்டார். அந்தப் பெண் கொட்டகைக்குப் பின்னால் கை காட்டினார். இரண்டடி ஆழமுள்ள மணற்குழி ஒன்று. அடியில் தெளிந்த நீர். பத்துப் பன்னிரண்டு எட்டில் கடல்! அம்மா முழங்காலை மடக்கிக் குழியோரம் அமர்ந்தார். அங்கே கிடந்த சிரட்டையால், நீர் கலங்காதபடி, மேலாக முகந்தார். எழுபத்திரண்டு வயதுக் கை அது. பதினோரு வயதில் கற்ற பக்குவத்தை அது மறந்திருக்கவில்லை. “ஆழமாத் தோண்டக் கூடாது, உப்பு ஏறிடும். பையப் பைய மோந்து ஊத்தணும்” என்று பேத்திக்குச் சொல்லிக் கொடுத்தார்.

மகனின் கேள்விக்கு அங்கேதான் விடை சொன்னேன். மழைநீர் மணலில் இறங்குகிறது. கீழே இருக்கும் கடல்நீர் உப்பினால் கனமானது. நன்னீர் கனம் குறைந்தது. ஆகவே அது கடல்நீரோடு உடனே கலந்துவிடாமல் அதன் மேல் ஒரு படலமாக மிதந்து நிற்கிறது. பேராசையோடு தோண்டுபவனுக்கு உப்பு. பொறுமையோடு முகப்பவனுக்கு நன்னீர். இதை அறிவியல் நூல்கள் விளக்குமுன்பே இக்கரையின் பெண்கள் சிரட்டையைக் கையிலெடுத்து அறிந்திருந்தார்கள்.

நாங்களும் ஓட்டுநருமாக ஆறு பேர் பலகையில் அமர்ந்தோம். சோறு பரிமாறப்பட்ட நேரம், அம்மா என்னை மெல்ல அழைத்தார்.

“ஐயா, அந்த நாலு பேருக்கும் சோறு போடச் சொல்லு. நம்ம கணக்குல.”

ஏன் என்று நான் கேட்கவில்லை. என் முகம் கேட்டிருக்க வேண்டும்.

“எங்கப்பாவுக்கு அடக்கம் இல்ல, மூணாம் நாள் இல்ல, அசனம் இல்ல. அப்ப எங்கம்மா கையில ஒரு படி அரிசிகூடக் கெடயாது. அவரு ஊர்ல இன்னைக்காவது நாலு பேரு சாப்பிடட்டும்” என்றார்.

வலையை விட்டு எழுந்து வந்தவர்களில் மூத்தவர், “என்னம்மா விசேஷம்?” என்றார். “எங்கப்பாவுக்காக” என்றார் அம்மா. “அந்தப் புயல்லயா?” அம்மா தலையசைத்தார். அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். அதற்குமேல் எவரும் ஒன்றும் பேசவில்லை. மீன் நன்றாயிருந்தது என்று அவர்களில் ஒருவர் சொன்னபோது, “உங்க வலையில விழுந்ததுதானே” என்று அடுப்பருகில் இருந்து அந்தப் பெண் சொல்ல, எல்லாரும் சிரித்தோம். அம்மாவும் சிரித்தார். வயிறார உண்டார். அவர் அவ்வளவு நிறைவாக உண்டு நான் கண்டதில்லை.

அந்தப் பெண் கணக்குப் பார்த்துப் பத்துச் சாப்பாட்டுக்கும் பணம் வாங்கிக்கொண்டார். அதுவே முறை என்று எனக்குப் பட்டது. அது அவருடைய பிழைப்பு. விடியலில் கடலுக்குப் போனவர்களும், புகையில் நின்று சமைத்தவரும் உழைத்த உழைப்பு. உயிர்த்த ஆண்டவர் திபேரியக் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்துக்கொண்டு, இரவெல்லாம் உழைத்துக் களைத்த சீடரைச் சாப்பிட அழைத்தார் என்று யோவான் நற்செய்தியில் படிக்கிறோம். சாவைக் கண்டு கலங்கியிருந்தவர்களுக்கு அவர் விளக்கம் எதையும் முதலில் தரவில்லை, உணவையே தந்தார். அதன் பொருளை நான் பல மறையுரைகளில் கேட்டிருக்கிறேன். அன்று அந்தக் கொட்டகையில் கண்டேன்.

பிறகு சாலை முடியும் அரிச்சல்முனைக்குப் போனோம். ஒரு பக்கத்துக் கடலை ஆண் கடல் என்றும், மறுபக்கத்தைப் பெண் கடல் என்றும் அப்பகுதி மக்கள் சொல்கிறார்கள். செப்டம்பர் மாதத் தென்மேற்குக் காற்றில் தென்பக்கம் சீறிக்கொண்டிருந்தது. வடபக்கம் குளம்போல் கிடந்தது. வடகிழக்குப் பருவம் தொடங்கினால் இரண்டும் குணம் மாற்றிக்கொள்ளும். அம்மா வடபக்கம் நடந்து, கணுக்கால் நனையும் அளவுக்கு இறங்கி நின்றார். மகள் என்ன நினைத்தாளோ, சடையிலிருந்த மல்லிகைச் சரத்தை எடுத்து அப்பத்தாவின் கையில் கொடுத்தாள். இந்தத் தீவில் நாற்றாகப் பிறந்து, மதுரையில் பூத்த மலர். அம்மா அதை நீரில் விட்டார். காலைப் பாலத்தில் பார்க்க மறுத்த கடலை இப்போது நேராகப் பார்த்தபடி, மரியே வாழ்க என்னும் செபத்தை மெல்லச் சொன்னார். நாங்களும் சேர்ந்துகொண்டோம். பத்தடி தள்ளி யாரோ சுண்டல் விற்றுக்கொண்டிருந்தார்கள். அது எந்த வகையிலும் இடையூறாகத் தோன்றவில்லை.

வாசகர்களே, கடற்கரைப் பங்குகளில் மட்டுமல்ல, உள்நாட்டுப் பங்குகளிலும் இப்படிக் கல்லறை இல்லாத இறந்தோர் இருக்கிறார்கள். கடலுக்குப் போய்த் திரும்பாதவர்கள், 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கொண்டுபோனவர்கள், 2017இல் ஒக்கிப் புயலில் கரை சேராதவர்கள். நவம்பர் 2ஆம் நாள் நாம் கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, பூ வைத்து, மெழுகுதிரி ஏற்றும்போது இவர்களுடைய வீட்டார் எங்கே நிற்பார்கள்? கல்லறைத் தோட்டத்தின் நடுவிலுள்ள பெரிய சிலுவையின் அடியில் நிற்பார்கள். என் பாட்டி ஆண்டுதோறும் அங்கேதான் நின்றார். அம்மாவும் அங்கேதான் நிற்கிறார். அடுத்த முறை அந்தச் சிலுவையடியில் ஒருவரைக் கண்டால், இன்னாருக்காக என்று கேட்டு, ஒரு மெழுகுதிரியை நாமும் ஏற்றலாம். கேட்பதற்கு ஆள் வந்தால், சொல்வதற்கு அவர்களிடம் ஒரு பெயரும் ஓர் ஊரும் இருக்கும்.

அதுபோலவே, விடுமுறையில் அழிந்த ஊர்களைக் காணச் செல்வோருக்கும் ஒரு வேண்டுகோள். படம் எடுங்கள், தவறில்லை. ஆனால் அங்கே இன்னும் அடுப்பெரிக்கிறவர்களிடம் ஒரு வேளை உண்ணுங்கள். அவர்கள் தண்ணீர் முகக்கும் இடத்தைக் கேளுங்கள். நெகிழிக் குப்பிகளை அந்த மணலில் எறியாமல் திரும்பக் கொண்டுவாருங்கள். அந்த மணலுக்கடியில்தான் அவர்கள் குடிக்கும் நீர் இருக்கிறது.

எங்கள் பங்கில் அக்டோபர் கடைசியில், இறந்தோர் நினைவுத் திருப்பலிக்குப் பெயர் எழுதித் தரும் உறை வீடுதோறும் கொடுக்கப்படும். அம்மா ஆண்டுதோறும் அதில் தம் தந்தையின் பெயரை மட்டும் எழுதி, காணிக்கையை வைத்து, ஒட்டிக் கொடுத்துவிடுவார். 2025ஆம் ஆண்டும் எழுதினார். கொடுத்தனுப்புமுன் நான் வாங்கிப் பார்த்தேன். பெயரை அடுத்து, சற்றுக் கோணலான எழுத்தில், முதன்முறையாக ஊரையும் சேர்த்திருந்தார்: தனுஷ்கோடி.